கடற்கரை முனையில் ஒரு குடும்பப்பெயர்



சென்ற மாதம் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் நான் வாசித்த உரையை எழுத்தில் தரும்படி பல நேயர்கள் கேட்டிருந்தார்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நான் தொழிலால் கணக்காளன். யாழ்ப்பாணத்தில் வணிகப் பட்டம் முடித்து, தொண்ணூறுகளில் அடிலெயிட்டுக்கு வந்து சேர்ந்தவன். ஒவ்வோர் ஆண்டும் யூலை பிறந்தால் வருமானவரிப் படிவங்களோடு எங்கள் ஆட்கள் என் முன்னால் வந்து அமர்வார்கள். எண்களில் எங்கள் சனத்துக்குத் தடுமாற்றம் இல்லை. படிவத்தின் முதலாவது கட்டத்தில்தான் தடுமாற்றம். "குடும்பப்பெயர்" என்று இருக்கும் அந்தக் கட்டத்தில் கணவனுக்கு ஒரு பெயர், மனைவிக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு வேறொரு பெயர். இவர்கள் ஒரே குடும்பமா என்று கேள்வி வரும். ஆமாம், ஒரே குடும்பம்தான் என்று கடிதம் எழுதுவதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

என் வீட்டுக் கதையும் அதுதான். அண்ணா 1989ஆம் ஆண்டு கனடாவுக்குப் போனார். அங்கே படிவம் நிரப்பியபோது அவருடைய சொந்தப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் விழுந்துவிட்டது. எனக்கு இங்கே அப்பாவின் பெயர் விழுந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான எங்கள் இருவருக்கும் இன்று இரண்டு குடும்பப்பெயர்கள். என் பிள்ளைகளும் அண்ணாவின் பிள்ளைகளும் ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் என்று எந்தக் கடவுச்சீட்டைப் பார்த்தும் சொல்ல முடியாது.

இந்த நிலையில், என் மகன் சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் சொன்னான். "அப்பா, இந்தப் பெயரைச் சட்டப்படி சுருக்கப் போறன். ஆங்கிலத்தில பதினாறு எழுத்து. வேலையில ஒருத்தருக்கும் வாயில வருதில்லை. கலியாணத்துக்கு முதலே மாத்தினால் பிறகு பிள்ளையளுக்கும் சுகம்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் அந்தப் பதினாறு எழுத்தும் என் அப்பா. எனக்கு உடனே பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த நீண்ட வாரவிடுமுறையில் குடும்பமாக மூன்டாவுக்குப் போனோம். அடிலெயிட்டில் இருந்து 160 கிலோமீற்றருக்கு மேல். 1861இல் அங்கே செப்புத்தாது கண்டுபிடிக்கப்பட்டது. சுரங்கங்கள் 1923இல் மூடப்படும் வரை அந்த ஊரும், பக்கத்தில் உள்ள கடினா, வல்லரூ ஆகிய ஊர்களும் செம்பால் வாழ்ந்தன. நிலத்துக்கு அடியில் இறங்கி வேலை செய்யத் தெரிந்த ஆட்களில் பெரும்பகுதியினர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கோர்ன்வோல் பகுதியில் இருந்து வந்தவர்கள். அதனால் அந்தப் பகுதிக்குக் "குட்டிக் கோர்ன்வோல்" என்றே பெயர்.

அங்குள்ள பழைய மயானத்தில் நடந்துகொண்டிருந்தபோது மகன்தான் அதைக் கவனித்தான். "அப்பா, இஞ்ச கனபேருக்குப் பெயர் ட்ரெ எண்டு தொடங்குது. இல்லாட்டில் பென். ஏன்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில்தான் இந்த உரை பிறந்தது.

கோர்ன்வோல் மக்களை அவர்களுடைய பெயரின் முதல் அசையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு பழமொழி உண்டு. ரிச்சர்ட் கெரு என்பவர் 1602இல் வெளியிட்ட கோர்ன்வோல் பற்றிய நூலிலேயே அது பதிவாகியிருக்கிறது. அந்த அசைகள் மூன்று: ட்ரெ, பொல், பென். ட்ரெ என்றால் பண்ணைக் குடியிருப்பு. பொல் என்றால் குளம். பென் என்றால் தலை, முனை. இவை ஆங்கிலச் சொற்கள் அல்ல. கோர்னிஷ் என்ற தனி மொழியின் சொற்கள். வேல்ஸ் நாட்டு வெல்ஷ் மொழிக்கும், பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் பேசப்படும் பிரெத்தோன் மொழிக்கும் அது சகோதரி.

எங்களுக்கு இது புதினமான விடயம் அல்ல. கொக்குவில், இணுவில், கோண்டாவில் என்று கேட்டவுடன் எந்தப் பக்கத்து ஊர் என்று சொல்லிவிடுவோம். துறை என்று முடிந்தால் கடல் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். கோர்னிஷ் குடும்பப்பெயர்களும் பெரும்பாலும் இப்படி ஊர்ப்பெயர்களே. செனொவெத் என்றால் புதுவீடு. பொல்கிளேஸ் என்றால் பச்சைக்குளம் அல்லது நீலக்குளம். பச்சைக்கும் நீலத்துக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். நான்கரோ என்றால் கலைமான் பள்ளத்தாக்கு.

தொழிலில் இருந்து வந்த பெயர்களும் உண்டு. இங்கே மதுக்கடைகளில் அங்கோவ் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். 1886இல் கோர்ன்வோலில் இருந்து அடிலெயிட்டுக்கு வந்த ஒரு மருத்துவர் தொடங்கிய திராட்சைத் தோட்டம் அது. "அன் கோவ்" என்றால் கோர்னிஷ் மொழியில் கொல்லன். 1497இல் ஸ்கொட்லாந்துப் போருக்காக அரசன் ஏழாம் ஹென்றி வரி விதித்தபோது, கோர்ன்வோல் மக்கள் இலண்டன் வரைக்கும் நடந்து போய்க் கிளர்ச்சி செய்தார்கள். அவர்களை நடத்திச் சென்ற இருவரில் ஒருவர் செயின்ட் கெவெர்ன் ஊர்க் கொல்லர் மைக்கேல் ஜோசப். அவரை "அன் கோவ்" என்றே வரலாறு சொல்கிறது. அந்த ஆண்டு யூன் 27ஆம் திகதி அவரைத் தூக்கில் இட்டார்கள். வரி என்றவுடன் எனக்குக் காது நிமிரும் என்பதால் இதையும் சொல்லிவைத்தேன்.

இனி, அந்தப் பெயர்கள் எப்படிக் குடும்பப்பெயர்கள் ஆயின? கெரு 1602இல் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. ஒருவனுடைய பெயர் ஜோன், அப்பாவின் பெயர் தோமஸ், இருப்பது பெண்டார்விஸ் என்ற ஊரில் என்றால், அவன் ஜோன் தோமஸ் பெண்டார்விஸ். அவனுடைய தம்பி வேறு ஊரில் குடியேறினால் தம்பியின் பெயரின் முடிவில் அந்த வேறு ஊர் வரும். வீடு மாறினால் பெயரும் மாறும். தன் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பெயர். எங்கள் அப்பாமார் பெயர் சொன்ன முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அண்ணாவுக்கும் எனக்கும் இரண்டு குடும்பப்பெயர்கள் என்று சொன்னேன் அல்லவா, அதே கதைதான் நானூறு ஆண்டுகளுக்கு முன் அங்கேயும் நடந்திருக்கிறது.

இந்த ஓட்டத்தை நிறுத்தியது எழுத்து. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல், ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று கட்டளையிட்டார். பதிவேட்டில் ஏறிய பெயர் மெதுவாக உறைந்துபோனது. கோர்னிஷ் மொழி அதிக காலம் நிலைத்திருந்த மேற்குப் பகுதியில் இது இன்னும் தாமதமாகவே நடந்தது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நான் தேடிப் படித்த பெயர்களில் என் மனதைப் பிடித்தது ஓர் அரிய பெயர்: பென்ட்ரீத். பென் என்றால் முனை என்று பார்த்தோம். ட்ரெத் என்றால் கடற்கரை மணல். கடற்கரை முனை. எங்கள் தலைமன்னார் மன்னாரின் தலை என்பது போல, இது கடற்கரையின் தலை. எப்போதோ ஒரு கடற்கரையின் அந்தத்தில் குடியிருந்த ஒருவரைக் குறித்த அடையாளம், அவருடைய சந்ததியின் பெயராக நின்றுவிட்டது.

இந்தப் பெயரை உலகம் அறியச் செய்தவர் ஒரு மீன்காரப் பெண். டொலி பென்ட்ரீத். கோர்ன்வோலின் மேற்குக் கோடியில், பவுல் என்ற பங்கைச் சேர்ந்த மீனவ ஊர் ஒன்று இருக்கிறது. எழுத்தில் அதன் பெயர் "எலிவளை" என்று பொருள்படும். வாயில் சொல்லும்போது "மவ்சல்". டொலி அங்கே மீனவக் குடும்பத்தில் பிறந்தார். 1692 மே 16ஆம் திகதி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பதிவு. கோர்னிஷ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று இன்று பலரும் சொல்வது இவரைத்தான்.

பவுல் கோயிலின் பதிவேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது 1595 யூலை 23ஆம் திகதியில் இருந்துதான் தொடங்குகிறது. அன்று ஸ்பானியப் படகுகள் வந்து கரையிறங்கி மவ்சல் ஊரையும் பவுல் கோயிலையும் எரித்தன. கோயில், கோபுரம், மணிகள், வீடுகள், பொருட்கள் எல்லாம் எரிந்துபோனதால் இந்தத் திகதியில் இருந்து புதிதாக எழுதுகிறோம் என்று பதிவேட்டின் முதற்பக்கமே சொல்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்கப்படும்போது, "கச்சேரி எரிஞ்சு போச்சு" என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு அந்தப் பக்கத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் எரிந்த நாளையே முதல் வரியாக எழுதி, அடுத்த பிள்ளையின் பெயரைப் பதியத் தொடங்கினார்கள். ஒரு கணக்காளனாக அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

டொலியின் கதைக்குத் திரும்புவோம். 1768இல் டெயின்ஸ் பாரிங்டன் என்ற சட்டத்தரணி, பழம்பொருள் ஆய்வில் ஆர்வம் உள்ளவர், கோர்னிஷ் பேசும் ஆட்கள் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு மவ்சலுக்கு வந்தார். டொலியின் குடிசை வாசலில் நின்று, கோர்னிஷில் உரையாட ஒருவரும் இல்லை என்று பந்தயம் கட்டியிருப்பதாகச் சொன்னார். டொலிக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு மூன்று நிமிடம் உரத்த குரலில், வெல்ஷ் போல ஒலித்த ஒரு மொழியில் பொழிந்து தள்ளினார்.

எதிர்வீட்டு வாசல்களில் நின்ற வயதான பெண்கள் சிரித்தார்கள். என்னைத் திட்டினாரா என்று பாரிங்டன் அவர்களிடம் கேட்டார். நன்றாகத் திட்டினார், தனக்குக் கோர்னிஷ் தெரியாது என்று நீங்கள் நினைத்ததற்காக, என்று பதில் வந்தது. அப்படியானால் உங்களுக்கும் அந்த மொழி தெரியுமே என்றார். அவர்கள் சொன்ன பதிலைத்தான் நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். தாங்கள் டொலியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள் என்றும், கேட்டால் விளங்கும், ஆனால் சரளமாகப் பேச வராது என்றும் சொன்னார்கள்.

நேயர்களே, கேட்டால் விளங்கும், பேச வராது. இந்த வசனத்தை எங்கள் வீடுகளில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! நான் தமிழில் கேட்க, மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, எங்கள் மேசையில் அது வழமையான விடயம். ஒரு மொழி ஒருநாள் திடீரென்று சாவதில்லை. டொலிக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் நடுவில் இருந்த பத்துப் பன்னிரண்டு வயது இடைவெளியில் அது நழுவிப் போயிருக்கிறது.

ஏன் அப்படி ஆனது? ஒரு காரணம் 1549இல் நடந்தது. ஆங்கிலத்தில் எழுதிய வழிபாட்டு நூல்தான் இனி எல்லாக் கோயில்களிலும் என்று அரசு சட்டம் போட்டது. எங்களில் சிலருக்கு ஆங்கிலமே விளங்காது என்று கோர்ன்வோல் மக்கள் எழுதிக் கொடுத்தார்கள். கிளர்ச்சி வெடித்தது, பல ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். வெல்ஷ் மொழிக்கு 1588இல் முழு வேதாகமம் கிடைத்தது. கோர்னிஷ் மொழிக்கு அந்தக் காலத்தில் கிடைக்கவில்லை. கோயில், நீதிமன்றம், வியாபாரம் என்று எழுத்து நடமாடும் இடமெல்லாம் ஆங்கிலமாகவே இருந்ததால், மொழி வள்ளத்துக்கும் மீன்சந்தைக்கும் ஒதுங்கியது.

மவ்சலைச் சேர்ந்த வில்லியம் பொடினார் என்ற மீனவர் 1776 யூலை 3ஆம் திகதி பாரிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார், கோர்னிஷிலும் ஆங்கிலத்திலும். சிறுவயதில் முதியவர்களோடு கடலுக்குப் போனபோது வள்ளத்தில் கோர்னிஷ் கற்றேன் என்றும், இப்போது ஊரில் நாலைந்து முதியவர்களுக்கு மட்டுமே அது தெரியும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். அவருக்கு அப்போது 65 வயது. அவர் இறந்தது 1789இல். டொலி இறந்தது 1777 டிசம்பரில். ஆகவே கடைசி ஆள் டொலி என்பதே சரியான கணக்கு அல்ல. டொலிக்கு 102 வயது என்று ஒரு கதையும் பரவியது. ஞானஸ்நானப் பதிவை வைத்துக் கழித்துப் பார்த்தால் 85 வருகிறது.

பெயரிலும் ஒரு குழப்பம். பவுல் பதிவேட்டில் 1777 டிசம்பரில் அடக்கம் செய்யப்பட்டவராக இருப்பது டொலி ஜெஃப்ரி. இருவரும் ஒருவர்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஊர் அவரைப் பென்ட்ரீத் என்று அழைத்தது. புத்தகம் ஜெஃப்ரி என்று எழுதியது. 1860இல் பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த மொழியியலாளர் லூயி லூசியன் பொனபார்ட்டும் பவுல் பங்குக் குருவும் சேர்ந்து கோயில் மதிலில் நினைவுக்கல் வைத்தபோது, ஊர் அழைத்த பெயரே கல்லில் ஏறியது. அந்தக் கல்லில், தாயையும் தந்தையையும் மதிக்கச் சொல்லும் வேதாகமக் கட்டளை ஆங்கிலத்திலும் கோர்னிஷிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், குறிப்பாக 1866இல் செப்பு விலை விழுந்த பிறகு, கோர்ன்வோல் சுரங்கக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனார்கள். மெக்சிக்கோ, கலிபோர்னியா, தென்னாபிரிக்கா, எங்கள் மூன்டா. கோலார் தங்கவயலிலும் அவர்கள் இருந்தார்கள். 1880 முதல் இலண்டனைச் சேர்ந்த ஜோன் டெய்லர் அன்ட் சன்ஸ் நிர்வாகத்தில் வளர்ந்த அந்தச் சுரங்கங்களில், தமிழ்நாட்டில் இருந்து போன ஏராளமான தொழிலாளர்கள் அவர்களோடு நிலத்துக்கு அடியில் இறங்கினார்கள். அந்தத் தமிழர்களின் சந்ததி இன்றும் அங்கே வாழ்கிறது.

போன இடமெல்லாம் அவர்கள் மொழியைக் கொண்டு போகவில்லை. புறப்பட முன்பே மொழி போய்விட்டது. கொண்டு போனது பெயர்களை மட்டும். தங்கள் பெயரின் பொருள் என்ன என்று மூன்டாவில் புதைக்கப்பட்ட பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் பெயருக்குள் சொற்கள் உறங்கிக்கொண்டிருந்தன. ஹென்றி ஜெனர் என்பவர் 1904இல் கோர்னிஷ் மொழிக் கைநூலை வெளியிட்டபோது மறுமலர்ச்சி தொடங்கியது. மறைந்துபோன சொற்களைத் தேடியவர்களுக்குப் பழைய நாடகச் சுவடிகளோடு ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும் உதவின. 2002இல் பிரித்தானிய அரசு ஐரோப்பிய சாசனத்தின் கீழ் கோர்னிஷ் மொழியை அங்கீகரித்தது. அழிந்த மொழி என்று பட்டியலிட்டிருந்த யுனெஸ்கோ 2010இல் அந்த வகைப்பாட்டை மாற்றியது. 2014இல் கோர்னிஷ் மக்கள் தேசிய சிறுபான்மை இனமாக அங்கீகாரம் பெற்றார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011 குடிசனக் கணக்கெடுப்பில் 557 பேர் தங்கள் முதன்மை மொழி கோர்னிஷ் என்று எழுதினார்கள். சிறிய தொகைதான். ஆனால் பூச்சியம் என்று மூடிய கணக்கு மறுபடி திறந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் மகனுக்குப் பிரசங்கமாகச் சொல்லவில்லை. பெயரைச் சுருக்காதே என்றும் சொல்லவில்லை. அது அவனுடைய பெயர், அவன் வாழ வேண்டிய நாடு. கோர்ன்வோலில் வீடு மாறியபோது பெயரையும் மாற்றியவர்கள் யாரும் குற்றவாளிகள் அல்ல.

நான் செய்தது ஒன்றுதான். ஒரு தாள் எடுத்து இரண்டு பத்தி பிரித்தேன், பேரேடு எழுதுவதுபோல. ஒரு பக்கத்தில் எங்கள் குடும்பத்தின் பெயர்கள்: அப்பா, அப்பப்பா, அவருடைய அப்பா, அம்மா, அம்மம்மா, ஊர், வளவின் பெயர். மறுபக்கத்தில் ஒவ்வொன்றின் பொருள், அந்தப் பெயரை யார் வைத்தார்கள், எந்தக் கோயில் சாமியின் பெயர், அண்ணாவின் பெயர் எந்தப் படிவத்தில் எப்படி மாறியது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். எனக்கே தெரியாத இடங்களுக்கு ரொறொன்ரோவில் இருக்கும் மாமியிடம் கேட்டேன். அவவுக்கு 84 வயது. இன்னும் சில ஆண்டு தாமதித்திருந்தால் அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே இருந்திருக்கும்.

நேயர்களிடம் என் வேண்டுகோளும் அதுவே. பெயரை நீட்டுங்கள், சுருக்குங்கள், அது உங்கள் வசதி. மாற்ற முன் பொருளை எழுதி வையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். ஒரு தாள் போதும்.

மகன் அந்தத் தாளை வாங்கிப் படித்தான். பெயர் விடயத்தில் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் வளவின் பெயருக்கு நேரே விரலை வைத்து, "அப்பா, இது எங்க இருக்கு? கடல் பக்கமா?" என்று கேட்டான்.

தமிழில்தான் கேட்டான்.